காதில் சொன்ன பெயர்

"தாயே, ஊரே சேர்ந்து என்னைக் கொன்னுட்டாங்க."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அருளம்மை நிமிரவில்லை. ஆற்றங்கரை மடத்துக்கு அவர்தான் குரு. படியில் வந்து உட்கார்ந்த மாசிலாமணிக்கு அவரைவிடப் பத்து வயது கூடுதல்.

"செத்தவன் என் வாசல்ல உட்கார்ந்து பேசுறானே," என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே படியில், "எனக்குள்ள இருக்கிற 'நான்' சாகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். வீட்டில் மனைவியும் ஆறு வயது மகளும் இருந்தார்கள். மலைக்குகையில் போய் உட்காரச் சொன்னார் அருளம்மை.

உட்கார்ந்தான். வீம்புக்காரன். ஊர்ப் பெயர், தெருப் பெயர், உறவுப் பெயர் என்று ஒவ்வொன்றாக மனசிலிருந்து துடைத்தெடுத்தான். எல்லாம் போயிற்று. தன் பெயர் மட்டும் உடும்பாகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சலித்துப்போய் மலையிறங்கி வீட்டுக்கு நடந்தான்.

"போனா, சுவர்ல என் படம். மாலை போட்டிருக்கு."

"பன்னிரண்டு வருஷம் தகவலே இல்லைன்னா தர்ப்பையில ஆள் செஞ்சு எரிச்சுடுவாங்க. தெரியாதா?"

"தெரியும். எனக்கும் செய்வாங்கன்னு நினைக்கல."

அவன் போன நாள் அமாவாசை. மனைவி மதில்மேல் இலை போட்டுச் சோறு வைத்து, காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் தாலி இல்லை. அவனைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் பசியோடு தெருவில் நின்றான் அவன். அவன் பேரில் வைத்த சோற்றைக் காக்கை தின்றது.

அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஊர்ல என்ன சொன்னாங்க?"

"காரியம் முடிஞ்சவன் திரும்பி வந்தா மறுபடி பிறக்கணுமாம். குளத்துல முழுக்குப் போட்டு, பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி, சொந்த ரத்தம் யாராவது காதுல மூணு தடவை பேர் சொல்லணும். அப்பத்தான் நான் ஆளு. இல்லாட்டி ஒரு வாய்த் தண்ணிகூட யாரும் தரமாட்டாங்க."

"சொந்த ரத்தம் யாரு இருக்கா?"

"மக ஒருத்திதான்."

"சொன்னாளா?"

ஒரு பகல் முழுக்க ஈர வேட்டியோடு குளக்கரையில் காத்துக் கிடந்தான். பொழுது சாயும்போது வந்தாள். பதினெட்டு வயது. அவனை நன்றாகப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு நான்தான் கொள்ளி வச்சேன். இவர் யாருன்னு எனக்குத் தெரியல," என்று ஊராரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனை அறுத்தது.

"இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு தாயே. வழியெல்லாம் என் நிழல் விழுதான்னு பார்த்துக்கிட்டே வந்தேன். நீங்களாவது என் பேரைச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

"கேட்டது கிடைச்சிருக்கு. எதுக்கு அழற?"

"இப்படிக் கேக்கல தாயே."

அருளம்மை கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

"அவ வந்து நின்னப்ப நீ என்ன சொன்ன?"

"'நான் மாசிலாமணி, நான் மாசிலாமணி'ன்னு சொன்னேன். தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னேன்."

"அவ பொறந்தப்ப அவ காதுல பேர் சொன்னது யாரு?"

"நான்தான்." அழுத முகம் கொஞ்சம் தெளிந்தது. "என் மடியில வச்சு, மூணு தடவை."

"அப்பப் போ. அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடு. திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பா."

அவன் துள்ளி எழுந்தான். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினான்.

கடைசிப் படியில் நின்றுவிட்டான்.

உதடு அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

அருளம்மை காத்திருந்தார். பிறகு கீரைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தாயே," என்றான் அவன், திரும்பாமல். "அவ பேர் என்ன?"