கவுகாத்திக்கு ஒரு கொசுறு

நீங்கள் யாரை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ, அவரும் எங்கோ ஒரு தொலைவூரில் இருந்து உங்கள் வாசலைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா?

பாளையங்கோட்டையில் வத்தல் கடை வைத்திருந்த சங்கரலிங்கம் எண்ணிப் பார்த்ததில்லை.

தலை நரைத்த பிறகு மாணவரானவர் அவர். சிறு வணிகர்களுக்கு இணையதளம் அமைக்கக் கற்றுக்கொடுத்த தமயந்தி அவருடைய ஆசிரியை. அவர் மகளின் வயதுதான் அவளுக்கு. அவளை அவர் டீச்சர் என்பார். அவரை அவள் அண்ணாச்சி என்பாள்.

அவளிடம் கற்றுக்கொண்டு கடைக்கென ஓர் இணையதளத்தை அவர் அமைத்திருந்தார். கடையின் படம் அதில் இருந்தது. வத்தல், வடகங்களின் படங்கள் இருந்தன. வாங்குவதற்கு மட்டும் வழியில்லை.

அதையும் சேர்த்துவிடலாம் என்று தமயந்தி பலமுறை சொல்லியிருந்தாள். விலை, எடை, பணம் செலுத்தும் முறை எல்லாவற்றையும் இருவருமாக உட்கார்ந்து முடித்துமிருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் இணையக்கடை திறந்துவிடும். அந்தப் பொத்தானை மட்டும் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஒருநாள் முற்பகலில் தமயந்தி கடைக்கே வந்து காரணம் கேட்டாள்.

"எடை போட்ட பெறகு ஒரு கை அள்ளிப் போடுவேன், டீச்சர். அந்தக் கொசுறு விழும்போது வாங்க வந்தவங்க முகம் மலரும் பாருங்க, அதுக்குத்தான் கடை வச்சிருக்கேன். உங்க பொத்தான்ல முகம் தெரியுமா?"

"தெரியாது, அண்ணாச்சி."

"பெறகு?"



அவர் பேச்சு, வராமல் போன முகங்களின் பக்கம் திரும்பியது. வேலை கிடைத்துப் போனவர்கள், மணமாகிப் போனவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். கோமுவின் பெயர் வந்ததும் அவர் குரல் தணிந்தது. சிறு வயதில் அவள் தகப்பனோடு வருவாளாம். கொசுறைப் பையில் போட விடமாட்டாளாம். உள்ளங்கையை நீட்டி வாங்கி, மாங்காய் வத்தலை அங்கேயே நின்று தின்பாளாம். வரவர உங்கள் கை சின்னதாகிக்கொண்டே போகிறது மாமா என்று அவரையே கேலி செய்வாளாம். இப்போது கணவனுக்கு ரயில்வேயில் வேலை என்று கவுகாத்தியில் இருக்கிறாளாம்.

முந்தின நாள்தான் இணையதளத்தின் வழியாக அவளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. மசக்கை, எதைத் தின்றாலும் வயிற்றில் தங்கவில்லை, மாங்காய் வத்தல் கிடைக்குமா மாமா என்று கேட்டிருந்தாள்.

"என்ன பதில் போட்டீங்க?"

"ஊருக்கு வரும்போது கடைக்கு வா தாயி, ரெண்டு கையா அள்ளித் தாரேன்னு போட்டேன்" என்றார் அவர், மகிழ்ச்சியோடு.

 தமயந்தி கால் கிலோ மாங்காய் வத்தல் கேட்டாள். அவர் எடை போட்டு, ஒரு கை அள்ளிப் போட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி கொடுத்தார்.

"இன்னொரு கால் கிலோ போடுங்க. இது எனக்கில்லை."

"யாருக்கு?"

"கோமுவுக்கு."

சொல்லிவிட்டு, அவருக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்து நின்றாள்.

அவர் எடை போட்டார். தராசில் எண் நின்றது. அவர் கை தானாக டின்னுக்குள் இறங்கியது. ஒரு கை அள்ளிப் பொட்டலத்தில் போட்டது. சற்றுத் தயங்கியது. மறுபடியும் இறங்கியது.

"கொசுறு போட்டாச்சா, அண்ணாச்சி?" திரும்பாமலே கேட்டாள் தமயந்தி.

"போட்டாச்சு."

"முகம்?"

 பொட்டலத்தின் வாயை மடித்துப் பிடித்தபடியே நின்றார்.

"தெரியுது, டீச்சர். கையை நீட்டிக்கிட்டு நிக்கா."

தமயந்தி திரும்பினாள். அவர் கண்களைப் பார்க்காமல் பொட்டலத்தை மட்டும் பார்த்தாள்.

பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டு அவர் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு இதைக் கூரியர்ல அனுப்பிட்டாப் போதாதா? அதுக்கு எதுக்கு ஒரு கடை?"

தமயந்தி தன் கைப்பேசியைத் திறந்து, அந்தப் பொத்தான் தெரியும்படி அவர் முன்னால் வைத்தாள்.

"கோமு உங்களைத் தெரிஞ்சவ, உரிமையோட கேட்டுட்டா. உங்க மாங்காய் வத்தல் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, முன்பின் தெரியாதவர்கிட்ட எப்படிக் கேட்கன்னு மூடிட்டுப் போறவங்களும் எங்கேயோ இருக்காங்க, அண்ணாச்சி. அவங்க கையை நீட்டுறது உங்களுக்குத் தெரியாது. மசக்கைக்காரிக்கு அடுத்த மாசம் கிடைச்சு என்ன பிரயோஜனம்? பொட்டலம் இன்னைக்கே போகட்டும். பொத்தானையும் இன்னைக்கே அழுத்துங்க. தயவுசெஞ்சு நாளைக்குன்னு சொல்லிராதீங்க."