ராசியான போல்ட்டுகள்

பந்தயத் திடலில் விடியற்காலைப் பனி. திறந்து கிடந்த என்ஜின் மூச்சு விடுவதுபோல் இருந்தது. கார் ஓட்டப்போகும் முதலாளி ரங்கநாயகம், என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டிலிருந்து கழற்றிய போல்ட்டுகளை நீட்டினார்.

"இதையே மாட்டு. போன தடவை ஜெயிச்ச ராசி. என்ஜின் போச்சுன்னா உன் வேலையும் போச்சு."

ஒருமுறை முறுக்கினால் அவை நீண்டுவிடும், மறுபடி இறுக்கிப் பிடிக்காது. மெக்கானிக் மருதாசலம் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

மருதாசலம் தலையாட்டினான். "சரிங்க. அன்னிக்கு ஓடின டயரையும் மாட்டிடறேனுங்க. அதுவும் ராசிதானுங்களே?"

"தேஞ்ச டயர்டா அது! என்னைக் கொல்லப் பாக்கறியா?"

"போல்ட் தேயலீங்க, நீண்டிருக்குங்க."

ரங்கநாயகம் பழைய போல்ட்டுகளைக் கீழே வைத்தார். பிறகு புது போல்ட்டுகள் இருந்த பெட்டியைத் தாமே பிரித்தார்.

"அப்ப என் ராசி?"

"வீட்டுல சாமி படத்துக்கிட்ட வச்சுக்குங்க. அங்க யாரும் முறுக்க மாட்டாங்க."