ராஜாளியைக் கொடுத்த ஆமை

நொச்சிக்காட்டுக் குளக்கரையில் வடிவு என்றொரு ஆமை வாழ்ந்து வந்தாள். அந்தக் காட்டுக்கே அவள்தான் டாக்டர். முறிந்த சிறகுக்குக் கட்டுப் போடுவாள். நெஞ்சுச் சளியை மூலிகைப் புகை காட்டி இறக்குவாள். பிரசவம் பார்ப்பதில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கும் குட்டியைக்கூட மெல்லத் தடவித் தடவியே திருப்பிவிடுவாள்.

ஒரே ஒரு குறைதான். அவள் நடை மிகவும் மெதுவானது.

கூப்பிட்ட வீட்டுக்கு அவள் போகாமல் இருந்ததே இல்லை. மழையோ வெயிலோ, மருந்துப் பெட்டியை முதுகோட்டில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆனால் அவள் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேருக்குக் காய்ச்சல் தானாகவே விட்டிருக்கும்.

"டாக்டரம்மா கிளம்பியாச்சு! அடுத்த மழைக்காலத்துக்குள்ள வந்துருவாங்க!" என்று குரங்குகள் மரத்துக்கு மரம் தாவிச் சிரிக்கும்.

வடிவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குத் திரும்பியதும் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வாள். வெகுநேரம் வெளியே நீட்ட மாட்டாள்.

ஒரு நாள் அவள் முடிவு செய்தாள். "போதும் இந்தச் சிரிப்பு! நான் ஒரு கார் வாங்கப் போகிறேன்!"

காட்டின் எல்லையில் ரங்கதுரை என்ற நரி கார் வியாபாரம் செய்துவந்தான். வடிவைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"வாங்க அக்கா, வாங்க! என்ன வண்டி பார்க்கலாம்?"

வடிவின் கண் ஓர் ஓரத்தில் நின்ற வெள்ளைக் காரின்மேல் விழுந்தது. பளபளப்பு இல்லை. ஆனால் சுத்தமாக, திடமாக நின்றது.

"அது என்ன வண்டி, தம்பி?"

"அதுவா?" என்று நரி முகத்தைச் சுளித்தான். "அதுக்குப் பேரு சிட்டு. காய்கறி மூட்டை ஏத்துறவங்க ஓட்டுறது. நீங்க இந்தக் காட்டுக்கே டாக்டர்! நீங்க போய் அதுல வந்து இறங்கினா உங்க மருந்து மேலயே நம்பிக்கை போயிடும், அக்கா!"

சொல்லிக்கொண்டே அவன் பக்கத்தில் இருந்த பட்டுத் துணியை உருவினான். உள்ளே நாவல்பழ நிறத்தில் ஒரு கார் மின்னியது. அதன் பெயர் ராஜாளி. வடிவு கிட்டே போனதும் கதவு தானாகத் திறந்தது.

"வருக, வருக! தங்கள் வரவு நல்வரவாகுக!" என்றது கார்.

வடிவு திகைத்து நின்றாள். அவள் வந்து சேர்ந்ததற்காக யாரும் அவளை அப்படி வரவேற்றதே இல்லை. எல்லா வீட்டிலும் "இப்பத்தான் வந்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

நரி அவள் காதருகே குனிந்தான். "அக்கா, இதை வெறும் கார்னு நினைச்சுடாதீங்க. இது மரியாதை!"

வடிவு அத்தனை வருடச் சேமிப்பையும் கொடுத்து ராஜாளியை வாங்கிவிட்டாள்.

பெடல் எட்டுவதற்கு மரக்கட்டைகளைக் கட்டினாள். முன்னால் பார்ப்பதற்கு வைக்கோல் மெத்தை ஒன்றைப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். பிறகு காட்டின் பெரிய சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அடேயப்பா, என்ன வேகம்! குரங்குகள் வாயடைத்துப் போயின. மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன.

காட்டுச் சபையின் தலைவர் நீலமேகம் என்ற மயில். இதுவரை வடிவை ஏறெடுத்தும் பார்க்காதவர், அன்று தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"டாக்டர்! இனிமேல் சபையில நீங்க முதல் வரிசையிலதான் உட்காரணும்!"

வடிவின் கழுத்து அன்று நீண்டதுபோல் என்றுமே நீண்டதில்லை.

ஆனால் ராஜாளிக்கு வயிறு தரையோடு தரையாக இருந்தது. பெரிய சாலையை விட்டு இறங்கினால் கல் இடிக்கும். முதல் கீறல் விழுந்த அன்று, தன் காலிலேயே அடிபட்டதுபோல் வடிவு துடித்துப்போனாள். அதிலிருந்து யார் கூப்பிட வந்தாலும், "உடம்புக்கு என்ன?" என்று கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டுப் பாதை எப்படி?" என்று கேட்கத் தொடங்கினாள்.

"களிமண் பாதை, டாக்டரம்மா."

"அப்படியா? நோயாளியைப் பெரிய சாலைக்குத் தூக்கிட்டு வந்துடுங்க!"

பள்ளத்தில் இருந்த முள்ளம்பன்றிகளும் மேட்டில் இருந்த முயல்களும் அவள் முகத்தைப் பார்த்தே வெகுநாள் ஆகிவிட்டது.

பெட்ரோலையோ ராஜாளி தண்ணீர் மாதிரிக் குடித்தது. அதோடு போனதா? அடிக்கடி ஒரு சிவப்பு விளக்கு எரியும். உடனே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இருந்த காகம் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லும்.

"இதுக்கு சாமான் கடல் தாண்டி வரணும். காத்திருங்க!"

ராஜாளி பட்டறையில் நின்ற நாட்களில் வடிவு நடந்தே போயிருக்கலாம். ஆனால் ராஜாளியின் சொந்தக்காரி பெட்டியைக் கட்டிக்கொண்டு நடந்து போவதா? பார்த்தால் குரங்குகள் என்ன சொல்லும்? அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை, கொட்டும் மழையில் கதிரேசன் என்ற முயல் மூச்சிரைக்க ஓடி வந்தான். கரட்டுமேட்டுக்காரன். காதெல்லாம் சேறு.

"டாக்டரம்மா! என் வீட்டுக்காரி தாமரைக்கு விடியறதுக்கு முன்னாடியே வலி எடுத்துடுச்சு. குட்டி குறுக்கே கிடக்கு! கை வைக்க யாருக்கும் தெரியலை! உடனே வாங்கம்மா!"

இந்தத் தடவை வடிவு பாதையைப் பற்றிக் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜாளியில் ஏறினாள். கதவு திறந்தது. "வருக, வருக!" என்றது. அவ்வளவுதான். எத்தனை முறை முயன்றும் கார் கிளம்பவில்லை. சிவப்பு விளக்குதான் மினுக் மினுக் என்று எரிந்தது.

வடிவு நரிக்குப் போன் செய்தாள். "தம்பி, ஓர் உயிர் போகப் பார்க்குது. வண்டி கிளம்பலை!"

"மழைத்தண்ணி உள்ளே இறங்கியிருக்கும், அக்கா. உயர்ந்த வண்டின்னா அப்படித்தான்! நாலு நாள் வெயில்ல நிறுத்துங்க, சரியாயிடும்!"

கதிரேசன் வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். வடிவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடந்தால் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த நேரம் காய்கறி மூட்டைகளோடு ஒரு வெள்ளைச் சிட்டு தெருவில் வந்தது. ஓட்டி வந்தவன் உடும்பு மாயாண்டி. ஊர் முழுக்கக் கத்தரிக்காய் விற்பவன். தன் வண்டியைப் பற்றிப் பீற்றிக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முயல் அழுவதைக் கண்டு வண்டியை நிறுத்தினான். விஷயத்தைக் கேட்டதும் மூட்டைகளை மளமளவென்று தெருவிலேயே இறக்கிப் போட்டான்.

"ஏறுங்க டாக்டரம்மா! நம்ம வண்டி பார்க்கத்தான் பூனை, போறதுல புலி! புலிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

சிட்டு கிளம்பியது. பாதை முழுவதும் கல்லும் பள்ளமுமாக இருந்தது. வண்டி குலுங்கியது, ஆடியது, ஆனால் நிற்கவில்லை. ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை ஏறியது.

"மாயாண்டி, இதுல இறங்குமா?" என்று வடிவு பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என் கத்தரிக்காய் தினமும் இதுலதான் வருது! நீங்க கத்தரிக்காயை விடப் பயப்படலாமா?"

சிட்டு உறுமிக்கொண்டே ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறியது.

வளைக்குள் தாமரை கண் செருகிக் கிடந்தாள். வடிவு கையை வெந்நீரில் கழுவிக்கொண்டு அவள் வயிற்றில் வைத்தாள். அழுத்தவில்லை. அவசரப்படவும் இல்லை. தடவினாள், காத்திருந்தாள், மறுபடி தடவினாள். குறுக்கே கிடந்த குட்டி மெல்லத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் வளைக்குள் ஒரு சின்னக் கீச்சுக் குரல் கேட்டது. அதன் பின்னால் இன்னொன்று!

வெளியே கதிரேசன் மழையிலேயே துள்ளிக் குதித்தான்.

வடிவு கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தாமரை மெதுவாகப் பேசினாள்.

"டாக்டரம்மா, நீங்க நடந்து வந்த காலத்துல லேட்டானாலும் வந்துருவீங்க. கார் வாங்கின பிறகு எங்க பக்கம் வரவே இல்லையே?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

திரும்பும் வழி முழுவதும் மாயாண்டி தன் வண்டியின் புகழைப் பாடிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் ராஜாளி மழையில் நனைந்து மின்னிக்கொண்டு நின்றது. அழகு குறையவே இல்லை. 'இத்தனை நாள் இந்தக் கார் எனக்காக ஓடவில்லை. நான்தான் இதற்காக ஓடிக்கொண்டிருந்தேன்' என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

வெயில் வந்து ராஜாளி கிளம்பிய அன்றே அதை நரியிடம் ஓட்டிப் போனாள்.

"இதை எடுத்துக்கோ. எனக்கு ஒரு சிட்டு கொடு."

நரி பதறிப்போனான். "அக்கா! மேலே ஏறினவங்க கீழே இறங்கலாமா? ஊர் என்ன பேசும்?"

"பேசட்டும் தம்பி. பேசுறவங்களுக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும். அன்னைக்கு நான் போய்ச் சேரணுமில்ல?"

நரி ராஜாளிக்கு அடிமாட்டு விலைதான் பேசினான். வடிவு தயங்கவில்லை. சிட்டின் சாவியை வாங்கிக்கொண்டு நேராகப் பள்ளத்துக்கு ஓட்டினாள். அங்கே முள்ளம்பன்றிகள் முதலில் நம்பவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூட்டுவலி, கண்வலி, வயிற்றுவலி என்று எத்தனை நாள் வைத்திருந்த வலிகள்! வடிவு எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

மழை ஓய்ந்ததும் காட்டுத் திருவிழா வந்தது. ஆற்றங்கரைத் திடலில் கார்கள் வரிசையாக நின்றன. வாசலில் நின்ற மயில் நீலமேகம், சேறு படிந்த வெள்ளைக் காரையும் அதை ஓட்டி வந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன டாக்டர் இது? நொடிச்சுப் போயிட்டீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். வடிவுக்கு ஒரு கணம் காது சூடாகியது. ஆனாலும் அவள் கழுத்தை நீட்டி, நிமிர்ந்தே பேசினாள்.

"இல்லை ஐயா. வேலை கூடிப்போச்சு. அதான் வேலைக்கு ஆகிற வண்டியா வாங்கிட்டேன்."

"முதல் வரிசையில இந்த வண்டியை நிறுத்த முடியாதே!"

"கடைசியிலயே நிறுத்துறேன். வழி மறிக்காம இருந்தா போதும். யாராவது கூப்பிட்டா உடனே கிளம்பணும்."

மேளம் முழங்கியது. நீலமேகம் தோகையை விரித்து ஆட ஆரம்பித்தார். பாதி ஆட்டத்தில் ஒரு மீன்கொத்தி படபடவென்று பறந்து வந்தது.

"டாக்டரம்மா! ஆத்து வளைவுல நீர்நாய்க் குட்டிக்குத் தொண்டையில மீன்முள் சிக்கிடுச்சு! மூச்சு விட முடியலை!"

வடிவு எழுந்தாள்.

"டாக்டர்! என் ஆட்டம் இன்னும் முடியலையே!" என்றார் மயில்.

"நீங்க ஆடுங்க ஐயா! எனக்கு வேலை இருக்கு!"

சிட்டு ஒரே திருப்பலில் கிளம்பியது. மணலில் சறுக்காமல், நாணல் புதருக்குள் நுழைந்து, ஆற்று வளைவு வரை போய்த்தான் நின்றது. குட்டியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வடிவு அதன் வாயைத் திறந்தாள். இடுக்கியை உள்ளே விட்டாள். முள் வெளியே வந்தது! குட்டி இருமியது. பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அதன் தாய் சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே தாய் நீர்நாய் கரையில் நின்ற காரைப் பார்த்தாள். சக்கரத்தில் நாணல் சுற்றியிருந்தது. முகப்பெல்லாம் மணல்.

"இவ்வளவு தூரம் உள்ளே எந்த வண்டியும் வந்ததில்லையே! இது யாரோடது, டாக்டரம்மா?"

"என்னோடது!" என்றாள் வடிவு. ராஜாளியில் வலம்வந்த நாட்களில்கூட அவள் அந்தச் சொல்லை இத்தனை உரக்கச் சொன்னதில்லை.

பிறர் வியப்பதற்காக வைத்திருக்கும் பொருளைவிட, நம் கடமைக்குக் கைகொடுக்கும் பொருளே நிலையான பெருமை தரும்.