நாற்பத்து மூன்று கடைக்கும் ஒரே உடம்பு

இதை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை மாறினாலும் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தக் கதையில் வரும் மூன்று பேரும் இன்ஜினியர்கள். அதனால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

பாளையங்கோட்டையில் நான் பிளவுஸ் தைக்கிறேன். இரண்டு தெரு தள்ளி, தையல்கடைகளுக்கென்றே ஒரு சாப்ட்வேர் கம்பெனி. யாருக்கு என்ன அளவு என்று போனில் தட்டிவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாற்பத்து மூன்று கடைகள் சேர்ந்திருந்தோம். அந்த நம்பிக்கையில் என் அளவு நோட்டை எடைக்குப் போட்டேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

முதலில் எல்லாக் கடை அளவுகளும் ஒரே இடத்தில் கிடந்தன. ஒருநாள் அம்பாசமுத்திரம் கடைக்காரர் போனைத் திறந்தால் என் கடை அளவுகள் தெரிந்திருக்கின்றன. சண்டை. கம்பெனி முதலாளி பிச்சையா சார் தன் இன்ஜினியர்கள் மூவரையும் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி டேட்டாபேஸ் போடுங்க. ஒரு கடை விவரம் இன்னொருத்தர் கண்ணுல படக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மகள் பிரசவத்துக்கு ஓசூர் போய்விட்டார்.

டேட்டாபேஸ் என்றால் விவரம் போட்டுவைக்கிற பெட்டி. அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். நாற்பத்து மூன்று பெட்டிகளாகப் பிரித்தும்விட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அண்ணாச்சி, நாம மூணு பேரும் எல்லாப் பெட்டியையும் பாக்கோமே. நாமளும் இன்னொருத்தர்தானே?" என்றான் இளையவன் லிவிங்ஸ்டன்.

மூத்தவர் சேர்மதுரைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆமாவே! இத்தன நாளும் பாத்துட்டோமே!"

"கண்ணைக் கட்டிக்கிட்டா போச்சு" என்றான் நடுவில் உள்ள ஆவுடையப்பன்.

மறுநாளிலிருந்து மூவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். வேலை முன்பு நடந்த மாதிரியே நடந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த நேரம் பார்த்து ராஜாத்தி டீச்சர் மகள் ஜெமிமாவுக்குக் கல்யாணம். பெண் புனேயில் வேலை. லீவில் வந்தபோது அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கையில் வெள்ளைப் பட்டு ஒரே ஒரு துண்டு, வெட்டினால் வெட்டினதுதான். கெட்டால் டீச்சர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ஆனால் பின்கழுத்து இறக்கம் எழுத அந்தச் சாப்ட்வேரில் இடமே இல்லை. கம்பெனிக்குச் சொன்னேன். அவர்கள் முதலாளிக்குப் போன் போட்டார்கள்.

"கட்டம் சேத்துக் குடுங்கவே. ஒரு கடைக்கு மட்டும் மாத்தாதீங்க. நாப்பத்து மூணு பெட்டியும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார் அவர்.

பெட்டிக்குள் இருக்கிற கட்டங்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சரக்கு அவரவர் சரக்கு. எனக்கே புரிகிறது.

"இப்ப ஒவ்வொண்ணுலயும் வேற வேற ஆளுல்லா இருக்கு?" என்றான் ஆவுடையப்பன்.

"எல்லாத்தையும் ஒண்ணு மாதிரி ஆக்கணும். எதை மாதிரி?" என்றான் லிவிங்ஸ்டன்.

"முதல்ல சேந்த கடை மாதிரி. அதுதான் மரியாதை" என்று முடித்தார் சேர்மதுரை.

முதலில் சேர்ந்தது போலீஸ் யூனிபார்ம் தைக்கிற கடை.

நான் கத்திரியைப் பட்டின் மேல் வைத்துவிட்டு போனைப் பார்த்தேன். ஜெமிமாவுக்கு மார்பு நாற்பத்து நாலு, இடுப்பு நாற்பத்து ரெண்டு, தோளில் பட்டை இரண்டு, விசில் கயிற்றுக்கு ஒரு வளையம். கத்திரியைப் போட்டுவிட்டு கம்பெனிக்கு ஓடினேன்.

"யாரு? கடை நம்பர் சொல்லுங்க, ஆளைப் பாக்கக் கூடாது" என்றான் கண்ணைக் கட்டியிருந்த லிவிங்ஸ்டன்.

"செல்வக்கனிடா! கல்யாணப் பொண்ணுக்கு விசில் கயிறு எதுக்கு? கூட்டத்தைக் கலைக்கவா போறா?"

"நாப்பத்து மூணு கடையிலயும் எல்லாருக்கும் அதே போலீஸ்காரர் அளவுதாம்க்கா. ஓரவஞ்சனையே கிடையாது."

"பழைய நகல் எடுத்து வைக்கலியா?"

"தினம் எடுக்கோம்க்கா" என்றார் சேர்மதுரை பெருமையாக. "அதையும் ஒரே மாதிரி ஆக்கியாச்சு. இல்லன்னா பழசும் புதுசும் வேற வேறயா இருக்குமே."

தலையில் அடித்துக்கொண்டு வந்தேன். ஜெமிமா அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தாள். கல்யாணம் தூத்துக்குடியில், இறங்கியதும் நேரே அங்கே கார். டேப்போடு திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், இரண்டாம் பிளாட்பாரத்தில் அவளைக் கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்தேன். என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். தைத்து முடிக்கும்வரை கை கழுவவில்லை, கரண்டியால்தான் சாப்பிட்டேன். பிளவுஸ் கச்சிதமாக இருந்தது என்று டீச்சர் போன் செய்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து லிவிங்ஸ்டன் போன் செய்தான். "அக்கா, உங்க விவரம் மட்டும் எங்க திரும்பக் கிடைச்சுது?"

"ஜங்ஷன்ல. ரெண்டாம் பிளாட்பாரத்துல" என்றேன். உண்மையைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு கடைகளின் வாடிக்கையாளர்களும் இரண்டாம் பிளாட்பாரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் மெசேஜ் போயிருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு டேப்பும் கையுமாக மூவரும் அளவெடுத்தார்கள். ரயிலிலிருந்து இறங்கியவர்களும் தப்பவில்லை. அம்பாசமுத்திரம் கடைப் பெட்டியில் இன்றைக்கும் ஒரு இரும்புத் தூணுக்குச் சுடிதார் அளவு இருக்கிறது. துணி எப்போது வரும் என்று அந்தக் கடைக்காரர் காத்திருக்கிறார்.

நான் அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போவதானாலும் பஸ்ஸில்தான் போகிறேன். பஸ் ஸ்டாண்டிலும் கையைத் தூக்குவதில்லை.