மூச்சு விடாத தொட்டி

பென்சிலின் தொழிற்சாலையில் பூஞ்சை வளரும் தொட்டிகளைக் கண்காணிப்பவள் பொற்கொடி. புது இயக்குநர் சபாரத்தினம் மூன்றாம் தொட்டியின் திரையைப் பார்த்துக் கத்தினார்.

“ஆக்சிஜன் கோடு ஏன் இப்படி ஆடுது? நாளைக்கு ஆய்வுக்கு அதிகாரி வர்றப்ப ஆடாம நிக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல!”

“உள்ளே பூஞ்சை மூச்சு விடுது சார், அதான்…”

“விடக்கூடாது!”

“சரிங்க சார்” என்றாள் பொற்கொடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறுநாள் மூன்றாம் தொட்டியின் கோடு நூல் பிடித்ததுபோல் நின்றது.

“எல்லாம் என் கண்டிப்புதாங்க” என்று அதிகாரியிடம் பூரித்தார் சபாரத்தினம்.

அதிகாரி குழாயைத் திறந்து ஒரு குவளை பிடித்துப் பார்த்தார். வெறும் தண்ணீர்!

“பூஞ்சை எங்கேம்மா?”

“பக்கத்துத் தொட்டியில நல்லா வளருதுங்க. சார் விடக்கூடாதுன்னாரு. அதான் இதுல பூஞ்சையையே விடலை.”

அதிகாரி சிரித்துக்கொண்டே அவளோடு பக்கத்துத் தொட்டிக்கு நடந்தார். பொற்கொடியின் வேலை போகவில்லை. சபாரத்தினம் அப்புறம் அந்தத் திரைப் பக்கமே வரவில்லை.