காது குத்துபவரின் கண்ணாடி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிரட்டும். மீசை எங்கே என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

முன்னொரு காலத்தில் மானாமதுரையில் குழந்தைவேல் ஆசாரி என்று ஒருவர் இருந்தார். குழந்தைகளுக்குக் காது குத்துவதில் கெட்டிக்காரர். இரண்டு மடலிலும் பேனாவால் புள்ளி வைப்பார். பிள்ளை அழ வாயெடுப்பதற்குள் ஊசி மறுபக்கம் வந்திருக்கும்.

ஐம்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கியது. கண்ணாடி வாங்கினார். ஆனால் கண்ணாடி போட்டவர் ஊசியோடு நெருங்கினால் தாய்மார்கள் பிள்ளையைப் பின்னுக்கு இழுத்தார்கள். அதனால் கண்ணாடி சட்டைப்பையிலேயே கிடந்தது. ஒருநாள் ஒரு குழந்தையின் இடது காதில் புள்ளி ஓர் அரிசி அளவு கீழே இறங்கிவிட்டது.

அதே தெருவில் அடுத்த மாதம் இன்னொரு காதுகுத்து. அதுவும் தப்பினால் இனி யாரும் அவரிடம் காதைக் காட்டமாட்டார்கள். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸையே எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறார்களாமே என்று விசாரிக்கப் போனார்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் நானும் அதே மருந்தோடு இருந்தேன். ஒரு மணி நேரம் கண்ணை மூடி இருந்து பாருங்கள், என்னென்னவோ கேட்கும்.

முதலில் அவர் கண்ணுக்குள்ளிருந்து லென்ஸ் பேசியது.

"எடுக்கட்டும். நான் விறைச்சுப் போயிட்டேன், கிட்டத்துல பார்க்க வளைய முடியலை. அந்தப் பிள்ளை காதைக் கெடுத்தது நான்தானே."

சட்டைப்பையிலிருந்து கண்ணாடி செருமியது. "பெரிய தியாகிதான். நீ போயிட்டா நான் எங்கே போவேன், பழைய சாமான் பெட்டிக்கா?"

"உனக்கென்ன, இத்தனை நாள் பையில தூங்கினவன்."

"தூங்கினேனா? என் மேல ஒருத்தன் ஏறி உட்கார்ந்திருக்கான். வெட்கம்னு பேரு. ஆசாரி என்னை எடுக்கக் கை விட்டா விரலைத் தட்டி விடுறான்."

"கண்ணாடி போட்டா கிழவன்னு சொல்லுவாங்க" என்றான் வெட்கம். "அவர் மானத்தைக் காப்பாத்துறதே நான்தான்."

"காப்பாத்தின லட்சணம் அந்தக் காதுல தெரியுது."

பிறகு கண்ணாடி லென்ஸிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அண்ணே, தங்கத்துல கல்லு பதிச்சப்பவும், மக கால்ல முள்ளு எடுத்தப்பவும் வளைஞ்சு கொடுத்தது நீங்கதான். வயசானா யாருக்கும் விறைக்கும். தப்பு உங்க மேல இல்லை."

நான் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஆசாரி சட்டென்று நெஞ்சில் கை வைத்தார். நாற்பது வருஷம் காதுகளோடு பழகியவர், அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "புரை இன்னும் விழலை ஐயா. இப்பவே மாத்தலாம், கண்ணாடி போட்டும் சமாளிக்கலாம். எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"புரை விழட்டும், அப்ப வர்றேன் தாயி. இத்தனை வருஷம் எனக்காக உழைச்சிருக்கு. முடிஞ்ச வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

அன்று அவரிடமிருந்து எடுக்கப்பட்டது வெட்கம் ஒன்றுதான். தையல்கூடப் போடவில்லை.

அடுத்த மாதம், மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி எல்லார் முன்னாலும் கண்ணாடியை எடுத்து மாட்டினார். தாய் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

"என்ன ஆசாரி, கண்ணு தெரியலையா?"

"தெரியணும்னுதான் போட்டிருக்கேன் ஆத்தா. போடாமக் குத்தின காது எதிர்வீட்டுல இருக்கு. வேணும்னா போய்ப் பார்த்துட்டு வா."

அவள் எதிர்வீட்டைப் பார்த்தாள். மெல்லக் கையை எடுத்தாள்.

புள்ளி இரண்டும் நேராக விழுந்தன. பிள்ளை தெருவையே கூட்டி அழுதது. அந்த அழுகைக்கு நடுவே லென்ஸ் கண்ணாடியிடம் சொன்னது, கூட்டத்தில் நின்ற எனக்குக் கேட்டது: "நல்லா இருப்பே தம்பி. இன்னொரு காதைப் பார்க்க வச்சியே."

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த வெட்கம் வேலையில்லாமல் அலைகிறான், என் சட்டைப்பையிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது.