சாப்பாட்டு நேரத்தில் வந்த கேள்வி

"நாயகி மேடமா? அவங்க தன்னையே ரெண்டு தடவை சந்தேகப்பட்டுட்டுத்தான் உள்ளே போவாங்க."

மருத்துவமனை கேன்டீனில் இரண்டு செவிலியர்கள் சிரித்துக்கொண்டார்கள். பின்னால் வரிசையில் நின்ற எபினேசருக்குச் சிரிப்பு வரவில்லை. அது உண்மைதான் என்று அவருக்குத் தெரியும்.

அங்கே டாக்டர்கள் வீட்டிலிருந்தபடியே மருத்துவமனைக் கணினிக்குள் வந்து ஸ்கேன் படங்களைப் பார்ப்பார்கள். அந்த வழிக்குக் காவல் தில்லைநாயகி. கடவுச்சொல் மட்டும் போதாது. உரியவரின் கைபேசி, 'உள்ளே வருவது நீங்கள்தானா?' என்று கேட்கும். 'ஆம்' என்று தொட்டால்தான் கதவு திறக்கும். நாயகியின் காவலில் ஒரு நோயாளியின் படமும் வெளியே கசிந்ததில்லை.

எபினேசர் வயதில் மூத்தவர். பிரிண்டர் பழுது பார்ப்பவர். நாயகி பிரசவ விடுப்பில் போகும்போது அந்தக் காவல் தனக்கு வர வேண்டும் என்பதற்காக, சில மாதங்களாக அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

"மேடம், உடைக்கவே முடியாத கடவுச்சொல்னா எப்படி இருக்கணும்?"

"உங்களுது எப்படி சார் இருக்கு?"

"ரொம்ப நீளம். வீட்டுக்காரிக்கே தெரியாது."

"சரி, சாப்பிடப் போங்க."

மீன் குழம்பில் கை வைத்ததும் கைபேசி அதிர்ந்தது. 'நீங்கள்தானா?' எபினேசர் இடது கையால் 'இல்லை' என்று தொட்டார். மறுபடி கேட்டது. மறுபடியும். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து 'ஆம்' என்று தொட்டார். கைபேசி அடங்கியது.

திரும்பி வந்தபோது நாயகியின் திரையில் எபினேசருடைய மகளின் படம் சிரித்தது. அவர் தன் கணினித் திரையில் வைத்திருந்த படம்.

"பாப்பா அழகா இருக்கா, சார்."

"மேடம்... என் கடவுச்சொல்?"

"அடிக்கும்போது ஜெபம் பண்ற மாதிரி முணுமுணுக்கிறீங்க."

"'ஆம்'னு தொட்டது தொல்லை தாங்காமத்தான், மேடம்..."

"திருடனுக்கு அது போதும், சார்."

"அப்போ காவல் எனக்கு இல்லையா?"

நாயகி திரையிலிருந்த படத்தை மூடினார்.

அடுத்த வாரம் இருவரும் எதிரெதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த நாயகியின் கைபேசி அதிர்ந்தது.

"கை எச்சில், சார். 'ஆம்'னு தொட்டுடுங்க. நான்தான் மேலே என் கணினியில ஒரு சோதனையை ஓட விட்டிருக்கேன்."

எபினேசர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். 'இல்லை' என்று தொட்டார்.

"நான்தான்னு சொல்றேனே."

"இருக்கலாம், மேடம். ஆனா உள்ளே வர்றது நீங்களான்னு கேட்குது. நீங்க இங்க மோர் ஊத்திக்கிட்டு இருக்கீங்க."

மறுபடி அதிர்ந்தது. 'இல்லை.' மறுபடியும். 'இல்லை.' அவர் தட்டில் குழம்பு ஏடு கட்டிவிட்டது.

நாயகி எழுந்து கை கழுவினார். அறைக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தார். எபினேசரும் பின்னாலேயே வந்தார்.

"அடையாள அட்டையைக் காட்டுங்க, சார்."

"என்னை உங்களுக்குத் தெரியாதா, மேடம்?"

"காட்டுங்க."

கழுத்திலிருந்து கழற்றி நீட்டினார். அட்டையில் இருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் நாயகி இரண்டு தடவை பார்த்தார். பிறகு காவலர் என்ற இடத்தில் எபினேசரின் பெயரைப் பதிந்தார்.